4.2 மீட்டர் படகு, நடுவில் 12 மி.மீ. ஃபோம்: சோதனைத் துண்டில் தோல் உரிந்து வருகிறது, காரணம் என்ன?

ஏராக்கட்டை (கேள்வி)

ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று கட்டப் போகிறேன். நீளம் 4.2 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், ஆழம் குறைந்த வி வடிவ அடி. 6 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) மாட்ட வேண்டும். ஒரே ஒரு படகுதான், ஆகவே மோல்டு எடுக்கப் போவதில்லை. மரச் சட்டங்களை 45 செ.மீ. இடைவெளியில் தலைகீழாக நிறுத்தி, மேலே நீளவாக்கில் ரீப்பர் அடித்து, அதன்மேல் 12 மி.மீ. பி.வி.சி. ஃபோமை (கன மீட்டருக்கு 80 கிலோ) பட்டை பட்டையாகப் பொருத்துவது திட்டம். வெளித்தோல் (நாரும் ரெசினும் சேர்ந்து இறுகிய அடுக்கு) போட்டபின் திருப்பி உள்தோல்.

30 செ.மீ. சதுர ஃபோம் துண்டில் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ஒரு அடுக்கு, பாலியெஸ்டர் ரெசின் வைத்துச் சோதனை செய்தாயிற்று. நன்றாக இறுகியிருக்கிறது. ஆனால் மூலையில் உளி நுழைத்துத் தூக்கினால் தோல் முழுசாக உரிந்து வருகிறது. உரிந்த தோலின் பின்புறம் வழவழப்பாக இருக்கிறது. ஃபோமின் முகத்தில் குட்டிக் குழிகள் அப்படியே திறந்து கிடக்கின்றன.

கேட்க வேண்டியவை: உரிவது ரெசினாலா, வேலை செய்த முறையாலா? எப்பாக்ஸிக்கு மாற வேண்டுமா? ஒவ்வொரு பக்கமும் எத்தனை அடுக்கு, மொத்தம் எவ்வளவு ரெசின்?

நாரும்பிசினும்

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "குழிகள் திறந்து கிடக்கின்றன". ஒட்டு சரியாக இருந்தால் தோலைத் தூக்கும்போது ஃபோம்தான் கிழிய வேண்டும்; தோலின் பின்புறம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். வழவழப்பாக வந்தால் இரண்டும் சேரவே இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை நீங்கள் செய்தது பெரிய விஷயம். சாண்ட்விச் கட்டுமானத்தின் மொத்த பலமும் அந்த ஒட்டுக்கோட்டில்தான். தோல் விட்டுப்போனால் கையில் இருப்பது முக்கால் மில்லிமீட்டர் தகடும் ஒரு பஞ்சுப் பலகையும் மட்டுமே.

ஏன் இப்படி ஆனது? ஃபோமை அறுக்கும்போது மேற்பரப்பில் உள்ள அறைகள் வெட்டுப்பட்டுத் திறந்துவிடுகின்றன. அதன்மேல் உலர்ந்த மேட்டை வைத்து மேலிருந்து ரெசின் ஊற்றினால், குழிக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். ரெசின் குழிகளின் விளிம்பை மட்டும் தொட்டு நிற்கும். மேட்டில் இருந்த ரெசினில் கொஞ்சத்தை ஃபோம் உறிஞ்சிவிட்டால் ஒட்டும் இடம் இன்னும் வறண்டுபோகும்.

செய்ய வேண்டியது இது. ஃபோமைத் தேய்த்துச் சமன் செய்து, தூசியை வேக்யூம் வைத்து எடுங்கள். அசிட்டோன் துணியால் துடைக்காதீர்கள், அது குழிக்குள் தங்கும். பிறகு ரெசினில் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகளாலான தூள்) கலந்து கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, அகலமான பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தி இழுத்துக் குழிகளை நிரப்புங்கள். மேலே படலமாகத் தேங்கக் கூடாது. குழி நிரம்பி, ஃபோமின் முகம் தெரிய வேண்டும். இதற்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 350 கிராம் ரெசின் போகும். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, காயவிடாமல், வெறும் ரெசினை ரோலரில் ஒரு கை ஓட்டி நாரை விரியுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: நேரம். காலையில் வெயில் ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர ரெசினுக்குள் குமிழியாக வெளிவரும். எவ்வளவு உருட்டினாலும் திரும்பத் திரும்பக் கிளம்பும். வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் ஆரம்பித்தால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரெசின் எது என்றால், ஒற்றைப் படகுக்கு எப்பாக்ஸிதான் என் கட்சி. சுருங்குவது குறைவு, ஃபோமிலும் மரத்திலும் ஒட்டும் வலு அதிகம், ஸ்டைரீன் வாடை கிடையாது. ஆனால் எப்பாக்ஸிக்கு மாறினால் சாதாரண மேட்டை விட்டுவிட வேண்டும். மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது சரியாகக் கரையாது. மேட் விறைப்பாகவே நிற்கும், மூலைகளில் படியாது, ரெசினை மட்டும் குடிக்கும். அதற்குப் பதில் தைக்கப்பட்ட பயாக்சியல் துணி (இரண்டு திசை இழைகளைத் தைத்துச் சேர்த்தது) வாங்குங்கள்.

அடுக்குகள்: வெளித்தோலில் முழுவதும் 600 கிராம் பயாக்சியல் ஒன்று, அடிப்பகுதிக்கு மட்டும் கூடுதலாக 300 கிராம் ஒன்று. உள்தோலில் 600 கிராம் ஒன்று. ஏராக்கோட்டிலும் (அடியின் நடுக்கோடு) பக்கமும் அடியும் சேரும் மூலைகளிலும் 150, 200, 250 மி.மீ. அகலப் பட்டைகள், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி. இதைவிட மெல்லிய வெளித்தோல் கணக்குப்படி வளையாமல் நிற்கும், ஆனால் கரையில் இழுக்கும்போது ஒரு கூர்க்கல் போதும், ஓட்டை விழும்.

உங்கள் படகின் உடற்பரப்பு ஏறத்தாழ 9 சதுர மீட்டர், அதில் அடி 5 என்று வைத்துக்கொள்கிறேன். நார்: வெளியே 5.4 கிலோவும் 1.5 கிலோவும், உள்ளே 5.4 கிலோ, ஆக 12.3. மேல்விரிப்புக்கும் கழிவுக்கும் சேர்த்து 14, பட்டைகளுக்கு 2. மொத்தம் 16 கிலோ. கையால் செய்யும்போது எடைக்கு எடை ரெசின் என்று 16 கிலோ; குழி நிரப்ப இரு பக்கமும் 6.3, மூலைப் பூச்சும் ஒட்டு வேலையும் 4, கடைசிப் பூச்சு 3.5. ஆக 30 கிலோ. பாத்திரத்தில் வீணாவதற்கும் சேர்த்து 33 வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன என்றால்: ஃபோம் 8.6 கிலோவையும் சேர்த்து, கழிவும் மூலை, ஒட்டு வேலைகளும் போக, வெறும் உடல் 47 கிலோ அளவில் நிற்கும். 5 மி.மீ. தடிமனில் வெறும் மேட்டும் பாலியெஸ்டரும் வைத்துக் கட்டினால் உடல் மட்டும் 65 கிலோ, அதற்குமேல் குறுக்குச் சட்டங்களும் வேண்டும். வளையா வலு தோல்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டிலும் ஒரே நார் என்று வைத்துக்கொண்டாலும் சாண்ட்விச் ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பு.

அலைமுகம்

மேலே சொன்ன குழி நிரப்பும் முறையில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாலியெஸ்டரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பி.வி.சி. ஃபோமும் பாலியெஸ்டரும் சேர்ந்து ஓடும் படகுகள் உலகெங்கும் ஏராளம். நிபந்தனைகள் உண்டு. ஐசோப்தாலிக் வகைப் பாலியெஸ்டர் ரெசினாக இருக்க வேண்டும். ஆர்த்தோப்தாலிக் வகை அதிகம் தண்ணீர் குடிக்கும், நாளடைவில் தோலுக்குள் கொப்புளம் கட்டும். ஃபோமை ஒட்டிய முதல் அடுக்கு 300 அல்லது 450 மேட்டாகத்தான் இருக்க வேண்டும். ரோவிங்கை (தடித்த இழைகளால் நெய்த துணி) நேரடியாக ஃபோமில் வைத்தால் பாவுக்கும் ஊடைக்கும் நடுவிலுள்ள பள்ளங்களில் ஒட்டு கிடைக்காது. மேட்டுக்கு அதன் எடையைப்போல் 2 முதல் 2.5 மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை.

கேட்டலிஸ்ட் (பாலியெஸ்டரை இறுகவைக்கும் திரவம்) 1 முதல் 2 சதவீதம். 1 கிலோ ரெசினுக்கு 1 சதவீதம் என்றால் 10 கிராம், அளவுக்குழாயில் சுமார் 9 மில்லி. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் மெதுவாக இறுகும் என்று நினைக்காதீர்கள், முழுதாக இறுகவே இறுகாது. கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாகக் கலக்கும் வகை ரெசின் என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன்பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். இரண்டு பாட்டில்களையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

ஃபோம் எந்த வகை என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பி.வி.சி. என்றால் தாங்கும். வெள்ளைத் தெர்மோகோல், பாலிஸ்டைரீன் பலகை எல்லாம் பாலியெஸ்டர் பட்ட மாத்திரத்தில் கரைந்து குழியாகிவிடும்; அவற்றில் எப்பாக்ஸி மட்டுமே.

எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இறுகிய பாலியெஸ்டர்மேல் எப்பாக்ஸி நன்றாக ஒட்டும். எப்பாக்ஸிமேல் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ (நிறமேற்றிய பாலியெஸ்டர் மேற்பூச்சு) நம்பிக்கையாக ஒட்டாது. பாதியில் எப்பாக்ஸிக்குப் போய்விட்டு, மேலே மட்டும் ஜெல்கோட் அடிக்கலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். அது பெயிண்ட் வேலை, ஜெல்கோட் வேலை இல்லை.

ஏராக்கட்டை

இருவருக்கும் நன்றி. மேலே சொன்னபடி குழி நிரப்பி இன்னொரு துண்டு செய்ததில் ஃபோம் கிழிந்துதான் தோல் வந்தது. எப்பாக்ஸி என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த சந்தேகங்கள்: டிரான்சமுக்கு (மோட்டார் மாட்டும் பின்சுவர்) இதே ஃபோம் போதுமா? போல்ட் போகும் இடங்களில் என்ன செய்வது? ஒரு தோல் மட்டும் போட்ட படகைத் திருப்பினால் கோணிவிடாதா? கருநீலப் பெயிண்ட் அடிக்கலாமா?

மூட்டும்போல்ட்டும்

டிரான்சமுக்கு அந்த ஃபோம் கூடாது. 80 கிலோ ஃபோமின் அழுத்தத் தாங்கு சுமார் 1.4 மெகாபாஸ்கல்தான். அவுட்போர்டின் கிளாம்ப் திருகு ஒரு ரூபாய் நாணய அளவு வட்டத்தில் முழு இறுக்கத்தையும் கொடுக்கும். அதிர்வும் சேர்ந்து ஃபோமை நசுக்கிவிடும், பிறகு கிளாம்ப் தளரும். 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்ஸியும் சிலிக்காவும் (ரெசினைக் கெட்டியாக்கும் தூள்) கலந்த பசையால் ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். எல்லா விளிம்பிலும், குறிப்பாக வெட்டுமுனைகளில், மூன்று கை எப்பாக்ஸி பூசி மூடிய பிறகே பொருத்த வேண்டும். பிளைவுட் அழுகுவது எப்போதும் விளிம்பிலிருந்துதான். ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார் என்றால் டிரான்சம் உயரம் 381 மி.மீ., லாங் ஷாஃப்ட் என்றால் 508 மி.மீ. என்ற கணக்கில் மேல்விளிம்பை வெட்டுங்கள். மோட்டார் கையில் வந்தபின் அளந்து பார்த்து வெட்டுவது இன்னும் நல்லது.

டிரான்சம் உடலோடு சேரும் உள்மூலையில் 25 மி.மீ. ஆரத்தில் பசையை வளைவாக இழுத்து, அது இறுகுமுன் 100, 150, 200 மி.மீ. பயாக்சியல் பட்டைகளைப் போடுங்கள். வெளிப்பக்கமும் தோலை டிரான்சம்மேல் குறைந்தது 100 மி.மீ. மடித்து ஏற்றுங்கள். வெளிமூலையைக் கூராக விடாமல் 8 முதல் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டித் தேயுங்கள். கூர்மூலையில் இந்தத் துணி படியாது, தூக்கிக்கொண்டு அடியில் காற்று நிற்கும். நடுவில் டிரான்சமிலிருந்து ஏராவுக்கு ஒரு முக்கோணத் தாங்கு கட்டாயம். மோட்டார் தள்ளும் விசை டிரான்சமை மட்டும் வளைக்காமல் அடிக்குப் போக அதுதான் வழி.

போல்ட்: 8 மி.மீ. போல்ட் போக வேண்டுமானால் உள்தோல் பக்கமிருந்து 20 மி.மீ. துளை போட்டு, உள்தோலையும் ஃபோமையும் எடுத்துவிட்டு வெளித்தோலை மட்டும் விட்டுவிடுங்கள். துளையை சிலிக்கா கலந்த எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 8 மி.மீ. துளை. இப்போது போல்ட் இறுகினாலும் தோல்கள் உள்ளே அமுங்காது, துளை வழியாகத் தண்ணீர் ஃபோமுக்குப் போகாது. தண்ணீர் வெளியேற்றும் அடித்துளைக்கும் இதே முறை. இங்கே மைக்ரோபலூன் கலக்காதீர்கள், அது தேய்ப்பதற்குச் சுலபமான நிரப்பிதான், அழுத்தம் தாங்காது. பெரிய குழியாக இருந்தால் ஒரே மூச்சில் ஊற்றவும் கூடாது. எப்பாக்ஸி தன் சூட்டிலேயே வெந்து பக்கத்து ஃபோமை உருக்கும். 10 மி.மீ. ஆழமாக ஊற்றி, சூடு இறங்கியபின் அடுத்தது.

கயிறு கட்டும் கட்டை, துடுப்புத் தாங்கி வரும் இடங்கள் இப்போதே தெரிந்தால் இன்னும் சுலபம். அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுத்து, எப்பாக்ஸி பூசிய பிளைவுட் துண்டை வைத்துவிட்டுத் தோல் போடுங்கள். வைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், தோல் போட்டபின் கண்டுபிடிப்பது கடினம்.

படகின் மேல்விளிம்பில் ஃபோமை 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்காப் பசையால் நிரப்பி, அதன்மேல் மரப்பட்டையை ஒட்டுங்கள். திறந்த ஃபோம் விளிம்பு எங்கேயும் இருக்கக் கூடாது.

நாரும்பிசினும்

கோணும், நிச்சயம் கோணும், சட்டங்களை முன்கூட்டியே எடுத்தால். ஒற்றைத் தோல் படகு அட்டைப்பெட்டிபோல் நெளியும். வெளித்தோல் இறுகியதும், படகு கவிழ்ந்து இருக்கும்போதே, அதன் வெளிவடிவத்துக்கு மூன்று தொட்டில்களை வெட்டிச் சரிபார்த்துவிடுங்கள். சட்டங்களோடு சேர்த்தே திருப்பித் தொட்டிலில் உட்காரவைத்து, மேல்விளிம்பின் அகலத்தை இரண்டு மூன்று இடத்தில் குறுக்கு ரீப்பரால் பூட்டிய பிறகே உள்ளேயிருந்து சட்டங்களைக் கழற்றுங்கள். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) டிரான்சமின் இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் உள்தோல் போடுமுன் சரிசெய்யுங்கள். உள்தோல் இறுகிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம்.

ஃபோமைப் பொருத்தும்போது: ரீப்பர் வழியாக உள்ளேயிருந்து திருகு போட்டால் வெளித்தோல் இறுகியபின் சுலபமாகக் கழற்றலாம். வளைவு அதிகமான அணியப் பகுதியில் ஹாட் ஏர் கன்னால் மெல்லச் சூடாக்கினால் பி.வி.சி. ஃபோம் வளைந்து கொடுக்கும். கட்டம் கட்டமாகக் கீறி வைத்திருக்கும் ஃபோமைத் தவிருங்கள். வளைக்கும்போது கீறல்கள் விரிந்து கிலோ கணக்கில் ரெசினைக் குடிக்கும். நிரம்பாமல் நின்றவை, எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால், படகு முழுக்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

எப்பாக்ஸி கலக்கும் விகிதத்தில் விளையாட்டு வேண்டாம். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்ஸியில் கூடுதல் ஹார்டனர் எதிலும் சேராமல் உள்ளேயே தங்கித் தோலைத் தளர்த்தும். வேகம் வேண்டுமானால் வேக ஹார்டனர் வாங்க வேண்டும். தராசில் கலப்பதாக இருந்தால் எடை விகிதத்தைப் பாருங்கள். கன அளவு விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல. ஒரு முறைக்கு 400 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்தவுடன் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். குவளையிலேயே விட்டால் சூடேறிப் புகைந்துவிடும். ஒருவர் கலக்க, இருவர் விரிக்க என்று மூன்று பேர் இருந்தால் ஒரு பக்கத் தோலை நிறுத்தாமல் முடிக்கலாம்.

அடுத்த அடுக்கு நகம் பதியும் பதத்தில் போனால் தேய்க்க வேண்டியதில்லை. அதற்குமேல் இறுகிவிட்டால் மேலே மெழுகுபோல் ஒரு படலம் வரும். அது தண்ணீரில்தான் கரையும். முதலில் தண்ணீரும் தேய்ப்பு நாரும் வைத்துக் கழுவி, உலர்த்தி, பிறகு 80 எண் தாளால் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே புதைக்கிறீர்கள். கடைசி அடுக்கின்மேல் பீல் பிளை (இறுகியபின் உரித்தெடுக்கும் துணி) விரித்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். உரித்ததும் சொரசொரப்பான, சுத்தமான முகம் கிடைக்கும்.

இறுகியதும் ஒரு நாணயத்தால் படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, மந்தமான ஓசை வரும் இடத்தில் தோல் தூக்கியிருக்கிறது. விரல் அளவு இடமென்றால் இரண்டு சிறு துளை போட்டு ஊசிக்குழாயில் ரெசின் ஏற்றலாம், மற்றத் துளையில் வழியும்வரை. உள்ளங்கை அளவுக்கு மேல் என்றால் தயங்காமல் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கருநீலம் வேண்டாம். சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸி பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் கரும்பரப்பு அதைத் தாண்டும். நாரின் பின்னல் தடம் மேலே தெரியும், ஃபோமிலிருந்து காற்று கிளம்பிக் கொப்புளம் வரும். வெள்ளை அல்லது மிக வெளிர் நிறம். பெயிண்ட் இல்லாமலும் விடக் கூடாது, எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது.

காற்றோட்டம்

கையுறை பற்றி யாரும் சொல்லவில்லை. எப்பாக்ஸிக்கு வாடை குறைவு என்பதால் வெறுங்கையால் தொடுகிறார்கள். ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது. அதன்பிறகு அந்த அறைக்குள் நுழைந்தாலே தோல் தடிக்கும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்; அசிட்டோனால் துடைத்தால் ரெசின் கரைந்து தோலுக்குள் இன்னும் இறங்கும். தேய்க்கும்போது தூசிக்கு உரிய முகமூடி வேண்டும். இரண்டு மூன்று நாள்தான் ஆன எப்பாக்ஸியின் தூசி, முழுதும் இறுகியதன் தூசியைவிடக் கெடுதல். முடிந்தால் ஒரு வாரம் விட்டுத் தேயுங்கள்.

ஏராக்கட்டை

உடல் முழுக்க ஃபோம் இருப்பதால் மிதவைப் பெட்டி தனியாக வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அலைமுகம்

கூடாது. கணக்கைப் பாருங்கள். 9 சதுர மீட்டர், 12 மி.மீ. என்றால் 108 லிட்டர். ஃபோமின் எடை போக ஏறத்தாழ 99 கிலோ மிதப்பு. அதில் தோல்கள், மோட்டார், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாம் கழியும். படகு முழுகாது என்பது உண்மை. ஆனால் அந்த மிதப்பில் பெரும்பகுதி அடியில் இருக்கிறது; தண்ணீர் நிரம்பினால் அடி மேலே வரப் பார்க்கும், படகு கவிழும். கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்குவதும் நிமிர்ந்து நிற்கும் படகில் உட்கார்ந்து இறைப்பதும் ஒன்றல்ல.

இருக்கைகளுக்கு அடியில், இரு பக்கச் சுவரையும் ஒட்டி, முடிந்தவரை மேல்விளிம்புக்கு அருகில் மூடிய பெட்டிகள் கட்டுங்கள். பக்கத்துக்கு 60 லிட்டராவது. உள்ளே ஃபோம் துண்டுகளை அடைத்தால் பெட்டி ஓட்டையானாலும் மிதக்கும். ஊற்றி நுரைக்கும் வகை ஃபோம் நாளடைவில் தண்ணீர் பிடிக்கும், வேண்டாம். மோட்டாரின் எடை பின்னால் இருப்பதால் பின்பக்கப் பெட்டிகள் சற்றுப் பெரிதாக. கட்டி முடித்ததும், மோட்டாருக்குப் பதில் அதே எடையில் இரும்பை டிரான்சமில் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் படகை முழுக்க நிரப்பிப் பாருங்கள். நிமிர்ந்து நின்று, இறைக்க இறைக்க டிரான்சமின் மேல்விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்தால் பெட்டிகள் போதும். வராவிட்டால் பின்னால் இன்னும் 20 லிட்டர் சேர்த்துவிட்டு மறுபடி நிரப்பிப் பாருங்கள்.